எழுதி வைத்தபடி அமையும் கணினி

வழக்கமான லினக்ஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் கட்டளை கொடுத்து நிறுவிக்கொள்வார்கள். எழுத்துரு, விசைப்பலகை, அச்சுப்பொறி என்று தேவை எழும்போதெல்லாம் ஆங்காங்கே அமைப்புகளையும் திருத்துவார்கள். ஓராண்டு கழித்து அந்தக் கணினியில் என்னென்ன செய்யப்பட்டன என்று கேட்டால் முழுதாகச் சொல்ல ஆளிருக்காது. நிக்ஸ்ஓஎஸ் என்னும் லினக்ஸ் இந்த முறையையே மாற்றுகிறது. கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவிட்டால், எழுதியபடி அமைக்கும் வேலையை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா செய்த ஆய்வில் பிறந்தது இதன் அடிப்படையான, மென்பொருள் தொகுப்புகளை நிர்வகிக்கும் நிக்ஸ். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 2006இல் வெளிவந்தது.

தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் புழங்கும் புதுச்சேரியில் ஓர் அலுவலகக் கணினிக்கு அந்தக் கோப்பை எழுதுவதாகக் கொள்ளலாம். நேர வலயத்துக்கு ஒரு வரி. எழுத்துருப் பட்டியலில் லோகித் தமிழ், நோட்டோ. தட்டச்சுக்கு ஐபஸ், அதனுடன் தமிழ்99 தரும் எம்17என். தொகுப்புப் பட்டியலில் லிப்ரெஆபிஸ், பிரெஞ்சு எழுத்துப்பிழை திருத்தும் ஹன்ஸ்பெல் அகராதி. கோப்பைச் சேமித்து 'நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச்' என்று கட்டளையிட்டால் இவை அனைத்தும் வந்து சேரும். ஒரு மென்பொருளை நீக்க அதன் வரியை அழித்துவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும்.

தொகுப்புகள் எல்லாம் 'நிக்ஸ் ஸ்டோர்' என்ற ஒரே அடைவில் தங்குகின்றன. ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னும் 32 எழுத்துகள் கொண்ட அடையாளக் குறி இருக்கும். மூல நிரல், சார்ந்திருக்கும் பிற தொகுப்புகள், கட்டமைத்த முறை ஆகியவற்றிலிருந்து அது கணிக்கப்படுகிறது. இவற்றில் ஒன்று மாறினாலும் குறி மாறிவிடும். அதனால் பைத்தானின் இரண்டு பதிப்புகள் ஒரே கணினியில் மோதலின்றி இருக்க முடியும்.

புதிய அமைப்பு முழுதும் தயாரான பிறகே கணினி அதற்கு மாறுகிறது. பதிவிறக்கத்தின் நடுவே மின்சாரம் போனாலும் பழைய அமைப்பு கெடுவதில்லை. நம் ஊர் மின்வெட்டுகளுக்கு இது பெரிய ஆறுதல். ஒவ்வொரு மாற்றமும் ஒரு 'தலைமுறை'யாகப் பதிவாகி, கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் நிற்கும். புதியது சரிப்படாவிட்டால் முந்தைய தலைமுறையைத் தேர்ந்து உள்ளே போகலாம். ஆனால் பின்வாங்குவது அமைப்பு மட்டுமே. பயனர் எழுதிய ஆவணங்களும் தரவுத்தளங்களும் அப்படியேதான் இருக்கும். அவற்றுக்குத் தனியே காப்புப்படி எடுத்தே ஆக வேண்டும்.

கல்லூரிக் கணினிக்கூடங்களில்தான் இந்த முறையின் அருமை தெரியும். ஒரு கணினிக்கு எழுதிய கோப்பு மற்றவற்றுக்கும் ஆகும். வன்பொருள் விவரங்கள் மட்டும் தனிக் கோப்பில் இருக்கும். எல்லாவற்றிலும் பதிப்புகளும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் 'ஃப்ளேக்' வசதியின் பூட்டுக் கோப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பொறுப்பாளர் மாறினாலும் அடுத்து வருபவர் கோப்பைப் படித்தே வேலையைத் தொடரலாம்.

சிரமங்களும் உண்டு. அமைப்புக் கோப்பை எழுதும் நிக்ஸ் மொழியைக் கற்க நாளாகும். பழைய தலைமுறைகள் வட்டில் இடத்தை அடைக்கும். 'நிக்ஸ்-கலெக்ட்-கார்பேஜ்' கட்டளையால் அவ்வப்போது துடைக்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய ஆயத்த நிரல்கள் பல நேரம் அப்படியே ஓடாது, ஏனெனில் அவை தேடும் வழக்கமான இடங்களில் நூலகக் கோப்புகள் இருப்பதில்லை.

பிரான்சின் இன்ரியா நிறுவன ஆய்வுப் பொறியாளர் லுடோவிக் கூர்டெஸ் 2012இல் தொடங்கிய குனு கீக்ஸ் இதே வழியில் வந்தது. அது ஸ்கீம் மொழியில் எழுதப்படுகிறது. அதன் 'டைம்-மெஷின்' கட்டளை, பழைய தேதியில் இருந்த பதிப்புகளையே திரும்பக் கொண்டுவர முயலும். ஓர் ஆய்வின் கணக்கீட்டைச் சில ஆண்டுகள் கழித்து அதே மென்பொருளில் சரிபார்க்க இது உதவும். 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இயங்கும் புதுச்சேரியின் ஆய்வாளர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பழகிப் பார்க்க இயங்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை. உபுண்டுவிலோ, இந்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய டெபியன் வழி பாஸ் லினக்ஸிலோ நிக்ஸை மட்டும் நிறுவலாம். பிறகு 'நிக்ஸ்-ஷெல்' கட்டளையால் ஒரு மென்பொருளை அந்த அமர்வுக்கு மட்டும் வரவழைத்துப் பயன்படுத்தலாம். அமர்வை மூடினால் அது கட்டளைப் பாதையிலிருந்து விலகிவிடும்.