கண் மஞ்சளாகாத காமாலை!

கண் மஞ்சளாகிவிட்டால் கிராமத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. வரப்பில் கீழாநெல்லியைப் பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். சில வாரங்களில் சரியாகியும் விடும். காரணம், அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வரும் ‘ஏ’, ‘இ’ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

ஆபத்து, ரத்தத்தின் மூலம் பரவும் ‘பி’, ‘சி’ வகைகளில்தான் இருக்கிறது. இவை பல வருஷங்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளேயே இருக்கும். வயிற்றில் நீர் கோத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் கல்லீரல் சுருக்கமோ, புற்றுநோயோ இருப்பது தெரியவரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டு இந்தியாவில் 2.98 கோடி பேருக்கு ‘பி’ வகையும், 55 லட்சம் பேருக்கு ‘சி’ வகையும் இருந்தன. சராசரியாகப் பார்த்தால் நாற்பது பேருக்கு ஒருவர். உலக அளவில் ‘பி’ வகை உள்ள நூறு பேரில் 13 பேருக்குத்தான் அது இருப்பதே தெரியும்.

யார் பரிசோதிக்க வேண்டும்?

* கர்ப்பிணிகள் அனைவரும்
* ‘பி’, ‘சி’ வகைப் பாதிப்பு உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், துணைவர், பிள்ளைகள்
* 2002-க்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள்
* டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்
* சுத்தம் செய்யாத ஊசியில் மருந்து போட்டவர்கள், திருவிழாக் கடைகளில் பச்சை குத்தியவர்கள்
* சவரக் கத்தி, பிளேடைப் பகிர்ந்துகொண்டவர்கள்

சிறிதளவு ரத்தம் கொடுத்தால் போதும், தெரிந்துவிடும். தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. இதன்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

‘சி’ வகை இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையிலேயே முழுமையாகக் குணமாகிவிடுகிறது. ‘பி’ வகையை அடியோடு நீக்குவது கடினம். ஆனால், மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம். இல்லையென்று தெரிந்தால் ஆறு மாதத்தில் மூன்று தவணையாகத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும்.

கீழாநெல்லி போதாதா? ‘பி’ வகைக்கு அது பலன் தருவதாகச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1988-ல் எழுதினார்கள். பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது கல்லீரலுக்கே ஆபத்து.

இன்னொன்று: சேர்ந்து சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ ‘பி’, ‘சி’ பரவாது. பாதிக்கப்பட்டவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை. அந்த ஒதுக்கலுக்குப் பயந்துதான் பலரும் பரிசோதனைக்கே போவதில்லை.