மின்கம்பியிலிருந்து ஒளியிழைக்கு

1870-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், கார்ல் லுட்விக்கின் உடலியங்கியல் கூடத்தில், இரத்த அழுத்தம் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு கோடு. முயலின் தமனியில் ஒரு குழாய், அதோடு இணைந்த பாதரச மானி, பாதரசத்தின் மேல் மிதவை, மிதவையோடு எழுதுமுனை. சுழலும் உருளையில் அழுத்தம் தானே தன்னை எழுதிக்கொள்ளும்.

அந்தக் கூடத்தில் ஓவ்ஸ்யானிகோவ், டிட்மார் என்ற ஆய்வாளர்கள் விலங்குகளின் மூளைத்தண்டை மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வந்தார்கள். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தை எட்டும்வரை அழுத்தம் தாக்குப்பிடித்தது. அங்கே ஒரு மட்டத்தைக் கத்தி தாண்டியதும் சரிந்தது. இதயத்தின் கதை அதற்கும் முந்தியது. 1845-இலேயே வெபர் சகோதரர்கள் வேகஸ் நரம்பில் மின்சாரம் பாய்ச்சித் தவளையின் இதயத்தை நிறுத்திக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் மின்சாரத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. முனையைச் சுற்றியிருக்கும் நரம்பணுக்களையும் தூண்டும், வேறெங்கோ போகும் வழியில் அங்கே கடக்கும் இழைகளையும் தூண்டும். அழுத்தம் ஏறினால், ஏற்றியது யார் என்று சொல்ல முடியாது. மயக்கமருந்து இன்னொரு திரை. 1920-களில் சூரிச்சில் வால்டர் ஹெஸ் அதை விலக்கினார். பூனைகளின் ஹைபோதலாமஸில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, அவை விழித்து நடமாடும்போதே மின்சாரம் செலுத்தினார். சாதுவாக இருந்த பூனை மயிர் சிலிர்த்துச் சீறியது. 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சுவையான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வழக்கமாக அழுத்தம் ஏறினால் கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் மூளைக்குச் செய்தி அனுப்பும். இதயம் வேகத்தைக் குறைக்கும். ஹைபோதலாமஸில் பூனையைச் சீறவைத்த அந்தத் தற்காப்புப் பகுதியைத் தூண்டினாலோ அழுத்தமும் துடிப்பும் சேர்ந்தே ஏறுகின்றன. மூளை அந்தக் கடிவாளத்தைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடுகிறது. 1960-இல் ஹில்டன் குழுவினர் பூனைகளில் இன்னொன்றையும் காட்டினார்கள்: அந்த நேரத்தில் தசைகளின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன. ஓடவோ பாயவோ தொடங்குமுன்பே கால்களுக்கு இரத்தம் போய்ச் சேர்கிறது.

இன்று எலியின் வயிற்றுக்குள் சிறிய அலைபரப்பி வைக்கிறார்கள். கூண்டில் அது தன் போக்கில் திரிய, அழுத்தம் கணினிக்கு வந்துவிடுகிறது. தூண்டுவதற்கும் மின்சாரம்தான் என்ற கட்டாயம் இல்லை. ஒளிக்கு வினைபுரியும் புரதத்தை, தேர்ந்த ஒரு வகை நரம்பணுக்களில் மட்டும் உருவாக்கச்செய்து, முடியிழை போன்ற ஒளியிழை வழியே ஒளி பாய்ச்சுகிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கியெனே குழுவினர் முகுளத்தின் அடிப்பக்கத்திலுள்ள சி1 எனப்படும் நரம்பணுக்களை இப்படித் தூண்டியபோது எலியின் அழுத்தம் ஏறியது, மூச்சு விரைந்தது, உறங்கிக்கொண்டிருந்த எலி விழித்தும்கொண்டது. 1873-இல் டிட்மார் முயலில் சுட்டியதும் ஏறத்தாழ இதே இடத்தைத்தான். இடம் கத்திக்கே அகப்பட்டுவிட்டது. எந்த அணு என்பதற்குத்தான் ஒளி வேண்டியிருந்தது.

மனிதரில் கிடைத்த சான்று வேறொரு நோய்க்கான சிகிச்சையின் வழியே வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில், தீராவலிக்காக நடுமூளையின் சாம்பல் பகுதியில் மின்முனை பொருத்தப்பட்ட நோயாளிகளின் அழுத்தத்தை அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். மேற்பகுதியைத் தூண்டியபோது அழுத்தம் ஏறியது. அடிப்பகுதியைத் தூண்டியபோது இறங்கியது.