பிளாஸ்டிக் குடத்தை ஊதிச் செய்யலாம். மண்பானையை ஏன் முடியாது?

நெல்லை மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம் இருக்கும் காருகுறிச்சி, மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர். தாமிரபரணியில் இன்னும் கீழே போனால் ஆதிச்சநல்லூர். அங்கே 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா தோண்டியபோது கிடைத்தவை பெரிய பெரிய முதுமக்கள் தாழிகள். மண்ணில் பாத்திரம் வனைவது இந்தப் பக்கம் அவ்வளவு பழைய தொழில். ஆனால், வீட்டில் மண்குடம் இருந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் குடம். அந்தக் குடத்தைச் செய்யும் டெக்னிக்கை மண்ணுக்கும் கொண்டுவர முடியாதா?

ஊதினால் என்ன ஆகும்?

பிளாஸ்டிக் குடம் 'ப்ளோ மோல்டிங்' முறையில் தயாராகிறது. உருகிய பிளாஸ்டிக் குழாயை அச்சுக்குள் வைத்து காற்றை ஊதினால், பலூன் மாதிரி விரிந்து அச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆறினால் குடம் ரெடி. களிமண் அந்த அளவுக்கு இழுபடாது, கிழிந்துவிடும். இன்னொரு சிக்கல், மண்ணை வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகும் வேலை முடியாது. காய வைக்கணும், சுடணும். இரண்டிலும் சுருங்கும். சுவர் ஒரே சீராக இல்லாவிட்டால் விரிசல் விடும்.

அப்போ எது செட் ஆனது?

*இன்ஜெக்‌ஷன் மோல்டிங்:* செராமிக் பவுடரை மெழுகு, பாலிமரோடு கலந்து, சூடாக்கி அச்சுக்குள் அழுத்துவார்கள். பிறகு மெழுகை மெதுவாக வெளியேற்றிவிட்டுச் சுடுவார்கள். உள்ளே வெற்றிடம் வேண்டுமென்றால், உருகியோ கரைந்தோ போகும் ஒரு கருவை நடுவில் வைப்பார்கள். சுட்டதும் பொருள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15-20% சுருங்கும் என்பதால் அச்சையே பெரிதாகச் செய்யணும். தடித்த சுவர் என்றால் மெழுகு வெளியேறும்போதே வெடிக்கும். அதனால் சின்ன, நுணுக்கமான பாகங்களுக்குத்தான் இது சரி.

*ஸ்லிப் காஸ்டிங்:* கூழ் மாதிரி கரைத்த மண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படியும். மீதியைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே காலி. மொட்டைமாடி பிளாஸ்டிக் வாட்டர் டேங்கும் கிட்டத்தட்ட இப்படித்தான்: சூடான அச்சு சுழலச் சுழல பிளாஸ்டிக் தூள் உருகி உட்சுவரில் படியும். டாய்லெட் பேசின் கம்பெனிகளில் இப்போது பிளாஸ்டருக்குப் பதில் நுண்துளை பிளாஸ்டிக் அச்சு வந்துவிட்டது. கூழை அழுத்தத்தில் செலுத்துவதால் வேலை சீக்கிரம் முடிகிறது. பிளாஸ்டர் அச்சு சுமார் நூறு முறை தாங்கும் என்றால், இது பல ஆயிரம் முறை தாங்கும்.

காருகுறிச்சிக்கு எது?

இன்ஜெக்‌ஷன் அச்சுக்கே லட்சக்கணக்கில் செலவாகும். ஒரு சூளைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. பிளாஸ்டர் அச்சு சிறு பட்டறையிலும் சாத்தியம். தண்ணீர் பாட்டில், ஜக் போன்றவை ஒரே அளவில் வரும். சூளைச் சூட்டை ஏற்றாமல் பார்த்துக்கொண்டால் நுண்துளைகளும் இருக்கும், தண்ணீரும் குளிரும். ஆனால் அடுப்பில் ஏற்றும் சமையல் பானை வேறு விஷயம். சக்கரத்தில் வனைந்து, உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி இறுக்கும் சுவர் அது. அந்தத் தட்டலை அச்சு தராது.

எந்த முறை என்றாலும் முதலில் மண் வேண்டும். மண்பாண்டத் தொழிலாளர்கள் ஏரி, குளங்களில் களிமண்ணைக் கட்டணமில்லாமல் எடுக்க, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் நடைமுறையைத் தமிழக அரசு 2024-ல் கொண்டுவந்தது. அந்த அனுமதி மழைக்கு முன்பே கைக்கு வரணும். குளம் நிரம்பிவிட்டால் மண் எடுக்க முடியாது.