வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, டி.வி.க்கும் லேப்டாப்புக்கும் உண்டா?

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு கரை மீறியது. குர்லா, கலினா பகுதிகளில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். தண்ணீர் வடிந்து கீழே வந்து பார்த்தபோது, டி.வி.யும் பிரிட்ஜும் சேற்றில் கிடந்தன.

அந்த நாளில் வீட்டில் இருந்த மின்சாதனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைய நிலை வேறு. செம்பூரிலோ டோம்பிவிலியிலோ குடியிருக்கும் ஒரு குமாஸ்தா குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். டி.வி. 30,000 ரூபாய், பிரிட்ஜ் 25,000, வாஷிங் மெஷின் 20,000, கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப் 45,000, கணவன் மனைவி இருவர் கையிலும் உள்ள செல்போன்கள் 30,000 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ஒன்றரை லட்ச ரூபாய் ஆகிறது. இவற்றில் இரண்டொன்று தவணையில் வாங்கியதாகவும் இருக்கும். பொருள் போய்விட்டது என்பதற்காகத் தவணை நின்றுவிடுமா? வீட்டில் இல்லாத டி.வி.க்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டியதுதான்!

இந்த நஷ்டத்திலிருந்து தப்ப இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆனால், "வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று, எல்லாம் அதில் அடங்கிவிட்டது" என்று நிம்மதியாக இருப்பவர்களே பின்னால் ஏமாற்றம் அடைகிறார்கள். எது அடங்கும், எது அடங்காது என்பதைப் பாலிசி எடுக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு பாலிசியில் என்ன உண்டு?

2021 ஏப்ரல் 1 முதல் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுவான வீட்டு பாலிசி நடைமுறைக்கு வந்தது. அரசுத் துறைக் கம்பெனிகளும் தனியார் கம்பெனிகளும் இதை விற்கின்றன. தீ, இடி மின்னல், பூகம்பம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிதல் போன்றவற்றால் வரும் சேதத்துக்கு இதில் நஷ்ட ஈடு உண்டு.

கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களையும் சேர்த்து எடுத்தால், கட்டடத்தின் காப்புத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்ச ரூபாய்க்கு, சாமான்களுக்குத் தானாகவே பாதுகாப்பு கிடைக்கிறது. ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. கட்டடம் 20 லட்சம் என்றால் சாமான்கள் 4 லட்சம். மேஜை, கட்டில், துணிமணியோடு டி.வி., பிரிட்ஜ் முதலிய மின்சாதனங்களும் இதில் சேரும். அதற்கு மேல் மதிப்பு இருந்தால் விவரம் கொடுத்துத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம்.

கட்டடத்தின் காப்புத் தொகை என்பது பிளாட்டின் விற்பனை விலை அல்ல. இடிந்தால் மறுபடி கட்டுவதற்கு ஆகும் செலவே. ஆகவே, "என் பிளாட் 80 லட்சம் போகும்" என்று அந்தக் கணக்கில் 20 சதவீதம் போட்டுப் பார்க்கக் கூடாது.

வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடனோடு சேர்த்து எடுத்த பாலிசி, கட்டடத்துக்கு மட்டுமானதாக இருக்கலாம். ஹவுசிங் சொசைட்டி எடுத்துள்ள பாலிசியும் பொதுவாகக் கட்டடத்தோடு நின்றுவிடும். உங்கள் வீட்டு டி.வி. அதில் வராது.

வாடகைக்கு இருப்பவர்கள், "நமக்கு ஏது வீடு, நமக்கு எதற்கு இன்ஷூரன்ஸ்?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இது தவறு. கட்டடம் வீட்டுக்காரருடையது, உள்ளே இருக்கும் சாமான்கள் குடியிருப்பவருடையவை. சாமான்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்க வாடகைதாரருக்கு வழி உண்டு.

கவனிக்க வேண்டிய மூன்று ஓட்டைகள்

முதலாவது, திருட்டு. பூட்டை உடைத்துத் திருடுவதற்கு இந்தப் பொதுவான பாலிசியில் நேரடியாக நஷ்ட ஈடு கிடையாது! வெள்ளம், தீ போன்ற ஒரு விபத்து நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே உண்டு. வெள்ளத்துக்கு அஞ்சி உறவினர் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் டி.வி. களவு போனால் கேட்கலாம். தீபாவளிக்குத் திருநெல்வேலி போயிருந்தபோது களவு போனால் கேட்க முடியாது. அதற்குத் திருட்டுப் பாதுகாப்பைத் தனியே சேர்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரக் கோளாறு. வோல்டேஜ் எகிறியோ, ஷார்ட் சர்க்யூட் ஆகியோ ஒரு சாதனம் கெட்டுப்போனால், அந்தச் சாதனத்துக்கு நஷ்ட ஈடு கிடையாது. பிரிட்ஜில் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்து, டி.வி.யும் கட்டிலும் எரிந்தன என்றால், டி.வி.க்கும் கட்டிலுக்கும் பணம் வரும், பிரிட்ஜுக்கு வராது. மின்னலால் மின்சாரம் பாய்ந்து சாதனம் கருகினாலும் இதே விதிதான்.

மூன்றாவது, வீட்டை விட்டு வெளியே போகும் பொருள். வீட்டிலிருந்து வேறு இடத்துக்கு எடுத்துச் சென்ற பொருளுக்கு நேரும் சேதம் இந்தப் பாலிசியில் அடங்காது. தாதரில் ரயில் ஏறும்போது செல்போன் பறிபோனாலும், கல்லூரியில் மகள் கையிலிருந்து லேப்டாப் நழுவி விழுந்தாலும், வீட்டு பாலிசியை நீட்டிப் பயனில்லை. எங்கே எப்போது தொலைந்தது என்று தெரியாமல் காணாமல் போன பொருளுக்கும் நஷ்ட ஈடு இல்லை.

ஓட்டைகளை அடைப்பது எப்படி?

வீட்டு பாலிசியோடு கூடுதல் பிரீமியம் கட்டிச் சில பாதுகாப்புகளைச் சேர்க்கலாம். பல பகுதிகளைக் கொண்ட குடும்பப் பாலிசிகளும் நெடுங்காலமாக உள்ளன. பூட்டை உடைத்துத் திருடுதல், வீட்டுச் சாதனங்களின் பழுது, கையோடு கொண்டுபோகும் சாதனங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கையோடு கொண்டுபோகும் சாதனங்களைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றின் பெயர், மாடல், சீரியல் எண், விலை ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய சாதனம் என்றால் தேய்மானம் கழிப்பார்கள். ஒவ்வொரு சேதத்திலும் முதலில் ஒரு தொகையைப் பாலிசிதாரரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். எட்டாயிரம் ரூபாய் பழைய போனுக்கு இத்தனையும் கழித்த பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 45,000 ரூபாய் லேப்டாப்புக்கு அந்தச் செலவு தகும். பழைய போனுக்குத் தகாமல் போகலாம்.

செல்போன் திட்டங்கள் சிலவற்றில், வலுக்கட்டாயமாகப் பறித்தால்தான் திருட்டு; ஜேப்படியைக் கணக்கில் கொள்ள மாட்டார்கள். கடைகளில் விற்கும் "கூடுதல் வாரண்டி" என்பதும் இன்ஷூரன்ஸ் அல்ல. அது தயாரிப்புக் குறைகளைச் சரிசெய்து தரும். தீக்கும் திருட்டுக்கும் பொறுப்பேற்காது. ஆபீசில் கொடுத்த லேப்டாப் உங்கள் உடைமை அல்ல. அது தொலைந்தால் யார் பொறுப்பு என்பதை ஆபீசில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஊருக்குப் போகும் வழக்கமுள்ள நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வீடு தொடர்ந்து இத்தனை நாட்களுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் திருட்டுப் பாதுகாப்பு செல்லாது என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊர் போகுமுன் அந்த நாள் கணக்கைப் படித்துப் பார்க்க வேண்டும்.

பில்லும் போட்டோவும்

நஷ்ட ஈடு கேட்கும்போது முதலில் கேட்பது பில். அந்தப் பில்லும் வெள்ளத்தில் போய்விட்டால்? பில்களைப் போட்டோ எடுத்து, ஊரில் உள்ள தம்பிக்கோ மச்சானுக்கோ அனுப்பி வைத்திருங்கள். ஒவ்வொரு சாதனத்தின் சீரியல் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் *#06# என்று அழுத்தினால் அதன் அடையாள எண் வரும். 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய "சஞ்சார் சாத்தி" மூலம், தொலைந்த போனை முடக்க அந்த எண் உதவும். அதற்குப் போலீஸ் புகாரின் நகலும் தேவை.

விபத்து நேர்ந்தால் உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை சேதமான பொருளைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சேற்றில் கிடந்த டி.வி.யே உங்கள் சாட்சி.

மறுத்தால் என்ன செய்வது?

கம்பெனி மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். மும்பையிலேயே அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தை 155255 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

இவ்வளவு தூரம் போகாமல் இருக்க, பாலிசியில் கையெழுத்துப் போடுமுன் ஏஜெண்டிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பூட்டை உடைத்துத் திருடினால் உண்டா? கரண்டால் கெட்டுப்போனால் உண்டா? வீட்டுக்கு வெளியே தொலைந்தால் உண்டா? "எல்லாம் உண்டு சார்" என்று வாயால் சொன்னால் போதாது. பாலிசியில் எந்தப் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.