மலையில் பழகும் புது எஞ்சின்

பீர்மேடு சாலையில் முதல் 1,000 கிலோமீட்டர்: அஞ்ச வேண்டியது ஏற்றத்துக்கு அல்ல, தவறான கியருக்கு.

முண்டக்கயத்தைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே கோட்டயம்-குமுளி சாலை மலையேறத் தொடங்கிவிடுகிறது. குட்டிக்கானம் வரை சுமார் 20 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். அதற்கப்பால் பீர்மேடு, வண்டிப்பெரியாறு, குமுளி. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இந்தத் தாலுகாவில், ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணமே மலைப் பயணம்தான். 'புது வண்டியை மலை ஏற்றாதே' என்ற பழைய அறிவுரை இங்கே செல்லுபடியாகாது.

அந்த அறிவுரைக்குக் காரணம் இருந்தது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில், பின்பக்கக் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு புது கார்கள் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தன. உதிரிபாகங்களைக் கடைந்த நேர்த்தி அப்போது அவ்வளவுதான். உராய்ந்து உராய்ந்தே அவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியிருந்தது. இன்றைய எஞ்சின்கள் மிக நுட்பமாகக் கடையப்பட்டு வருகின்றன. ஆனாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தீட்டப்பட்டிருக்கும். ஆயிலைப் பிடித்து வைப்பது இவைதான். இந்தக் கோடுகளின் கூர்முனைகள் தேய்ந்து, பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு கச்சிதமாகப் படிய வேண்டும். ரிங்கை வெளிப்புறமாகத் தள்ளுவது அதன் சொந்த இறுக்கம் மட்டுமல்ல. எரிவாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளுகிறது. எஞ்சினுக்கு ஓரளவு சுமை இருந்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி ஓட்டினால் ரிங் சரியாகப் படியாது. சுவரில் ஆயில் கருகி வழவழப்பான பூச்சாகிவிடும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும். எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. கடனில் டாக்சி வாங்கியவருக்கு அது பல மாதத் தவணை.

அப்படியானால் மலை நல்லதா? கியரைப் பொறுத்தது. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். மூன்றாவது கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தி முக்கி முனகி ஏறுவதுதான் புது எஞ்சினுக்குச் செய்யும் பெரிய கொடுமை. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் சுமை ஏறும். ஆயில் பம்பு மெதுவாகச் சுற்றும். இரண்டாவது கியருக்கு மாறி, எஞ்சினைத் தாராளமாகச் சுழலவிட்டு, ஆக்சிலேட்டரைப் பாதியளவு அழுத்தினால் போதும். வளைவுக்கு வளைவு வேகம் மாறுவதும் நல்லதே. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓடுவதுதான் கூடாது.

பனிமூட்டக் காலையில் எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் எரியாத பெட்ரோல், சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். அரை நிமிடம் போதும். பின்னர் சூடேறும்வரை நிதானமாக ஓட்டலாம்.

இறங்கும்போது கவனம் பிரேக்குக்கு. புது பிரேக் பேடுகளும் தட்டோடு படியச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை முழுப் பிடிப்பை எதிர்பார்க்க முடியாது. ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது எஞ்சினுக்கு அல்ல, உயிருக்கே ஆபத்து.

கெடு எத்தனை கிலோமீட்டர், முதல் ஆயில் எப்போது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. வண்டியோடு தரப்படும் கையேடு சொல்வதே முடிவு. பெரும்பாலோர் அதைப் பிரிப்பதேயில்லை. குட்டிக்கானம் ஏற்றத்துக்கு முன் ஒரு முறையாவது புரட்டிவிடுவது நல்லது.