குறியிடமும் முதற்சந்திப்பும்: களவியல் நோக்கில் தாம்பரம் புறநகர்

முன்னுரை

முன்பின் கண்டிராத இருவர் கைப்பேசிச் செயலியின்வழி அறிமுகமாகி, நாளும் இடமும் வரையறுத்து முதன்முறையாகச் சந்திக்கும் வழக்கம் தாம்பரம் முதலான தென்சென்னைப் புறநகர்களிலும் காணப்படுகிறது. அவ்விடத்தைத் தெரிவு செய்வோர் யார் என்பது பெண்ணின் பாதுகாப்பைச் சார்ந்த வினாவாகும். தொல்காப்பியக் களவியலின் குறியிட மரபைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

காட்சியும் ஐயமும்

களவொழுக்கத்தில் காட்சி முதலில் நிகழ்கிறது. ஐயமும் தெளிவும் அதனைத் தொடர்கின்றன. குறியிடம் அவற்றிற்குப் பின்னரே அமைகிறது. இன்றைய வழக்கில் குறியிடம் முன்னும் காட்சி பின்னுமாக இவ்வரிசை மாறிவிடுகிறது. எனவே ஐயம் தீராத நிலையிலேயே குறியிடம் செல்ல நேர்கிறது. எதிர்ப்பட்டவள் தெய்வமகளோ மானுடமகளோ என்னும் தலைவனின் ஐயத்தைக் களைவனவாக அணி, பூ, தடுமாற்றம், இமைப்பு, அச்சம் முதலியவற்றைத் தொல்காப்பியர் சுட்டுகிறார். அணியையும் பூவையும் நிழற்படம் காட்டும். ஏனையவற்றை நேரில்தான் அறிய இயலும். இன்றோ ஐயம் இருவர்க்கும் உரியது. எதிரே வருபவர் செயலியில் காட்டிய அவர்தாமா என்பதே அது. அகத்தியன் இயக்கிய 'காதல் கோட்டை' (1996) திரைப்படத்தில், கடிதவழியே காதலித்தவனைக் காதலி அடையாளங்காண அவள் அளித்த ஆடையே துணையாகிறது.

குறியிடத் தெரிவு

பகற்குறி புறத்தே, தலைவி அறிந்து வரத்தக்க இடத்தில் அமையும். இரவுக்குறி மனையோர் பேச்சுக் கேட்கும் எல்லைக்குள் அமையும். மரபில் மனையோர் குரல் களவு வெளிப்படும் அச்சத்தை விளைப்பது. அறியாதவரைச் சந்திக்கும் இன்றைய பெண்ணுக்கோ பிறர் குரலே காவலாகிறது. ஆதலின் இவ்விரு குறிகளின் இயல்பும் ஒருங்கே அமைந்த இடமே முதற்சந்திப்பிற்கு ஏற்றதாகும்.

1931 முதல் மின்தொடர்வண்டி இயங்கும் கடற்கரை–தாம்பரம் தடத்தின் நிலையங்களும் அவற்றை அடுத்த உணவகங்களும் இதற்குப் பொருந்துவன. குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ வாழும் பெண்ணுக்கு அவை பழகிய இடங்கள். பகலில் ஆள்நடமாட்டம் மிக்கவை. விலக விரும்பினால் அடுத்த வண்டி வரும். 1985இல் திறக்கப்பட்ட வண்டலூர் உயிரியல் பூங்காவும் பகற்குறிக்குரிய புறவிடமே. எனினும் அதன் பரப்பு பெரிது. உட்பாதைகளில் பிறர் பேச்சுக் கேட்கும் எல்லை குறுகும்.

முடிவுரை

களவியலில் பகற்குறிக்கு அடிப்படையாவது தலைவியின் இடவறிவு. காட்சிக்கு முன்னரே குறி அமையும் இக்காலத்தில் அவ்வறிவின் இன்றியமையாமை மிகுகிறது. ஆகவே முதற்சந்திப்பின் இடத்தையும் பொழுதையும் பெண்ணே வரையறுத்தல் மரபிற்கும் இணங்கும். காலத்தின் தேவையும் அதுவேயாகும்.