பரதேசி யூத ஜெபாலயம்
மட்டாஞ்சேரி, கொச்சி. கட்டியது: 1568

இங்கே சிலையோ படமோ இல்லை. யூதர்களுக்குக் கடவுள் ஒருவரே. அவருக்கு உருவம் கிடையாது.

மேற்குச் சுவரில் உள்ள பேழையில் யூதர்களின் மறைநூலான தோராவின் சுருள்கள் இருக்கின்றன. இவை பதப்படுத்திய தோலில், எபிரேய மொழியில், கையாலேயே எழுதப்படுபவை. ஓர் எழுத்து பிழைபட்டாலும் திருத்தும்வரை அந்தச் சுருளை வழிபாட்டில் வாசிக்கமாட்டார்கள். வாரம் ஒரு பகுதியாக ஓராண்டில் வாசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ நிற்பது வாசிப்பு மேடை.

வெள்ளி மாலை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கும். சனி இருட்டும்வரை வேலை இல்லை, அடுப்பும் மூட்டமாட்டார்கள்.

சேர மன்னர் பாஸ்கர ரவி, ஏறத்தாழ கி.பி. 1000-இல், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குப் பல்லக்கு, குடை உட்பட 72 உரிமைகள் தந்த செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. பாண்டிய நாட்டுப் பழங்கல்வெட்டுகளிலும் இந்த எழுத்தே உள்ளது.

கூட்டு வழிபாட்டுக்கு மரபுப்படி ஆண்கள் 10 பேர் கூடவேண்டும். 1948-இல் இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலோர் அங்கே குடியேறியதால், உள்ளூரில் அத்தனை பேர் இப்போது இல்லை.

தரையில் இருப்பவை 18-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள், கையால் வரைந்தவை. செருப்பை வெளியே விட்டு வரவும்.